தாண்டாவுக்கு ஒரு பதிவேடு வேண்டும்

ஹைதராபாத்தில் மனை விலை மிக அதிகமாக இருக்கும் பகுதிகளில் ஒன்று பஞ்சாரா ஹில்ஸ். 1930-களில் நிஜாம் அரசின் அதிகாரியாக இருந்தவரும் பிற்பாடு குஜராத் மாநிலத்தின் முதல் ஆளுநரானவருமான மெஹ்தி நவாஸ் ஜங் அந்தப் பாறைக் குன்றுகளில் வீடு கட்டிக் குடியேறிய பிறகுதான், நகரத்துப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். அதற்கு முன்பு அந்தக் குன்றுகளோடு சேர்த்துப் பேசப்பட்டவர்கள் பஞ்சாராக்கள். தெலங்கானாவில் அவர்களை லம்பாடாக்கள் என்பார்கள். கோல்கொண்டா கோட்டை வாசல்களில் ஒன்றின் பெயரும் பஞ்சாரா தர்வாசாதான். கோட்டை வாசலுக்கும் குன்றுக்கும் பெயர் கொடுத்த இந்த மக்கள் குடியிருக்கும் இடங்களுக்குத் தாண்டா என்று பெயர். தெலங்கானாவில் ஆயிரக்கணக்கில் இருக்கும் அந்தத் தாண்டாக்களில் பெரும்பாலானவை 2018 வரை சட்டத்தின் கணக்கில் ஊர்களே அல்ல. பக்கத்துப் பெரிய கிராமத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் குடியிருப்பு என்ற அளவில்தான் அவை எழுதப்பட்டன. ஒரு குக்கிராமத்துக்குச் சொல்லும்படி வரலாறு எதுவும் இருக்காது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அது தவறு என்பது என் வாதம். அந்த ஊர்களில் எல்லாமே நடந்திருக்கிறது. நடந்ததை எழுதிவைக்க அந்த ஊரின் பெயரில் ஒரு பதிவேடு இருந்ததில்லை. 2018-ல் தெலங்கானா எடுத்த முடிவை நான் ஆதரிப்பதும், அது பாதியில் நிற்பதைப் பார்த்து வருத்தப்படுவதும் இந்தக் காரணத்தால்தான்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்தவர்களுக்குத் தாண்டா முற்றிலும் புதிதல்ல. தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிகளின் தாண்டாக்கள் இருக்கின்றன. ஆனால் எண்ணிக்கையில் தெலங்கானா வேறு உலகம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இன்றைய தெலங்கானாவின் பழங்குடியினர் ஏறத்தாழ 32 லட்சம் பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் லம்பாடாக்கள். நல்கொண்டா மாவட்டத்துத் தேவரகொண்டா, பழைய வாரங்கல் மாவட்டத்து மஹபூபாபாத் பக்கம் போனால் சாலையோரப் பெயர்ப்பலகைகளில் பாதி தாண்டாவின் பெயரைத் தாங்கியிருக்கும். பெயர் வைக்கும் முறையைக் கவனியுங்கள். தாண்டாவின் தலைவர் நாயக். அவருக்கு அடுத்து நிர்வாகத்தைப் பார்ப்பவர் கார்பாரி. முதன்முதலாகக் கூட்டத்தை அழைத்துவந்து குடியமர்த்திய நாயக்கின் பெயரே பெரும்பாலும் தாண்டாவின் பெயர். குடும்பங்கள் பெருகி நிலம் போதாமல் போனால் ஒரு பிரிவு வெளியேறி இன்னொரு தாண்டாவை அமைக்கும். அதற்கு அந்தப் பிரிவின் தலைவர் பெயர். இப்படி ஒவ்வொரு தாண்டாவின் பெயரிலும் அந்த ஊரை நிறுவியவர் யார் என்ற செய்தி அடங்கியிருக்கிறது. எத்தனையோ பெரிய ஊர்களின் பெயரில் இந்தச் செய்தி கிடைக்காது. ஆனால் அந்த நிறுவனர் எந்த ஆண்டு வந்தார், எங்கிருந்து வந்தார், ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று ஆவணக் காப்பகத்தில் தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

இவர்கள் ஆவணங்களில் எப்போதுமே இல்லாதவர்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். அரசுகளுக்கு இவர்கள் தேவைப்பட்ட காலமெல்லாம் இவர்களைப் பற்றி நிறையவே எழுதினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் சுற்றிய பிரெஞ்சு வைர வணிகர் தாவெர்னியே, பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்று மாடுகள் ஒரே கூட்டமாகப் பொதி சுமந்து போவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அப்படி ஒரு கூட்டம் எதிரே வந்தால் வழி கிடைக்க இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருக்குமாம். தானியம், அரிசி, பருப்பு, உப்பு என்று ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு சரக்கைச் சுமந்தது என்றும் அவர் குறிக்கிறார். அந்தக் காலத்தில் தக்காணத்துக்குள் நுழைந்த எந்தப் பெரும்படையும் இந்தப் பொதிமாட்டுக்காரர்கள் கொண்டுவரும் தானியத்தை நம்பித்தான் நகர்ந்தது. திப்பு சுல்தானை எதிர்த்து 1791-92-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போன காரன்வாலிஸின் படைக்குச் சோறு போட்டதும் இவர்கள் மாடுகள்தான். 1813-ல் கேப்டன் ஜான் பிரிக்ஸ் பஞ்சாராக்களின் தோற்றத்தையும் பழக்கவழக்கங்களையும் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ஒரு படைக்கு உணவு கொண்டுசேர்ப்பவர்களைப் பற்றித் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அந்தப் படை அதிகாரிகளுக்கு இருந்தது. அப்போது தாண்டா என்பது நகரும் முகாம். நகரும் முகாமுக்கு நிலமும் இல்லை, எல்லையும் இல்லை. ஆனாலும் அதற்கு ஆவணத்தில் இடம் இருந்தது.

வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு 1874-ல் ரயில் பாதை திறந்தது. சாலைகளும் மேம்பட்டன. உப்பு வணிகம் அரசின் ஏகபோகமானது. பல நாள் நடந்து மாடு கொண்டுவந்த சரக்கை ரயில் சில மணி நேரத்தில் இறக்கியது. பொதிமாட்டுத் தொழில் படிப்படியாகச் செத்தது. அதே காலத்தில், 1871-ல், பிரிட்டிஷ் இந்தியாவில் குற்றப் பரம்பரையினர் சட்டம் வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பிழைப்பதே சந்தேகத்துக்குரிய செயலாக மாறியது. இரண்டு பக்கமும் நெருக்கியதால் தாண்டாக்கள் ஆங்காங்கே நின்றுவிட்டன. எங்கே நின்றன என்பதில்தான் பின்னால் வந்த சிக்கல் அத்தனையும் இருக்கிறது. கிராமத்தின் நல்ல நஞ்சை நிலம் ஏற்கெனவே பிறர் கையில் இருந்தது. மிச்சமிருந்தது காட்டோரமும் மேய்ச்சல் தரையும் கல்லும் கரடுமான மேட்டு நிலமும்தான். மாடுகளை வைத்திருந்தவர்களுக்கு மேய்ச்சல் தரை பொருத்தமாகவும் இருந்தது. அந்த மேட்டைத் திருத்திச் சோளமும் ஆமணக்கும் விதைத்தார்கள்.

திவான் சாலார் ஜங் தொடங்கிவைத்த நிர்வாகச் சீர்திருத்தங்களின் தொடர்ச்சியாக, ஹைதராபாத் சமஸ்தானத்தில் நிலம் அளக்கப்பட்டு வருவாய் கிராமங்கள் வகுக்கப்பட்டது இந்த 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். வரி வசூலிக்க ஒரு அலகு தேவைப்பட்டது. அந்த அலகுதான் கிராமம். ஊர்த்தலைவரான பட்டேலும் கணக்கரான பட்வாரியும் குடியிருந்த இடம் ஊர். அந்த எல்லைக்குள் மற்ற எது இருந்தாலும் அது அந்த ஊரின் உட்பிரிவு. தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் உட்கடை கிராமம் என்று சொல்வதற்கு இது கிட்டத்தட்ட நிகர். தாண்டா இப்படி இன்னொருவர் எல்லைக்குள், இன்னொருவர் கணக்குப் புத்தகத்துக்குள் விழுந்தது. காட்டைத் திருத்தியவர் லம்பாடா, கணக்கை எழுதியவர் பட்வாரி. 1984-ல் என்.டி.ராமராவ் அரசு பட்டேல்-பட்வாரி முறையை ஒழிக்கும் வரை இந்த ஏற்பாடு நடந்தது. யார் பெயரில் எந்த நிலம் என்பதைத் தாண்டாவிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவர் தீர்மானித்தார்.

இதன் விளைவை 1940-களின் தெலங்கானா விவசாயிகள் போராட்டத்தில் தெளிவாகப் பார்க்கலாம். ஜனகாம் பகுதியில் விஸ்னூர் தேஷ்முக் என்ற பெருநிலக்கிழாரின் ஆதிக்கத்தில் இருந்த ஊர்களில் தர்மாபுரமும் ஒன்று. அங்கே லம்பாடாக்கள் உழைத்துத் திருத்திய நிலத்தை தேஷ்முக் தன் நிலம் என்று பறிக்க முயன்றார். அவர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த எதிர்ப்பிலிருந்து வந்து போராட்டத்தில் உயிர்விட்டவர் ஜாடோத் தாணு நாயக். தெலங்கானா போராட்ட வரலாற்றைப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? அந்தப் போராட்டத்தின் பெரிய ஊர்களுக்கும் தலைவர்களுக்கும் நூல்கள் இருக்கின்றன. தாண்டாவிலிருந்து போனவர்களைப் பற்றி அவற்றில் சில வரிகள்தான் கிடைக்கும். நிகழ்ச்சி இருந்தது, சாட்சிகள் இருந்தார்கள், ஊர் மட்டும் பதிவில் இல்லை. ஒரு சிறிய குடியிருப்பின் வரலாறு எப்படிக் காணாமல் போகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதே வழியில்தான் போகிறது. அதன் கிராமப்புற அலகு வருவாய் கிராமம். அதற்குள் ஐந்து குக்கிராமங்கள் இருந்தாலும் வெளியாகும் அட்டவணையில் ஒரே வரிதான். பெரிய கிராமத்தில் பள்ளி இருந்தால் அந்த வரியில் ‘பள்ளி உண்டு’ என்று வரும். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாண்டாவின் குழந்தை ஓடையைக் கடந்து நடக்கிறதா என்பது அந்த வரிக்குத் தெரியாது. மொழிக்கும் இதே கதிதான். லம்பாடாக்களின் தாய்மொழியான கோர் போலி, கணக்கெடுப்பில் இந்தியின் கீழ் அடங்கும் தாய்மொழிகளில் ஒன்றாகச் சேர்க்கப்படுகிறது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் தாய்மொழி லம்பாடி என்று சொல்லியும், மொத்தத்தில் அது இந்தி பேசுவோர் எண்ணிக்கையாகவே வெளிவருகிறது. ஊர் பெரிய ஊருக்குள் மறைகிறது, மொழி பெரிய மொழிக்குள் மறைகிறது.

இதெல்லாம் வெறும் கணக்கு எழுதும் முறைதானே, அதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். அலகு மாறினால் பணம் போகும் திசை மாறுகிறது என்பதே பதில். 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியபோது, சமவெளியில் 500 பேருக்கு மேலும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 250 பேருக்கு மேலும் வாழும் குடியிருப்புகளை இணைப்பது என்று வைத்தார்கள். குடியிருப்பை அலகாக வைத்ததால்தான் வருவாய் கிராமத்தின் பெயரே இல்லாத பல இடங்களுக்குத் தார்ச்சாலை கிடைத்தது. தமிழ்நாட்டு அனுபவம் இன்னும் தெளிவானது. அங்கே 12,500-க்குச் சற்று மேற்பட்ட ஊராட்சிகளுக்குள் 79,000-க்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் இருந்தன. 2006-ல் வந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் என்று சமமாகப் பிரித்தது. மூன்று குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் முப்பது உள்ள ஊராட்சிக்கும் ஒரே தொகை. முப்பதில் கடைசிக் குக்கிராமத்துக்கு என்ன மிஞ்சியிருக்கும்? 2011-ல் ஆட்சி மாறியபின் வந்த தாய் திட்டம், குக்கிராமங்களின் எண்ணிக்கையைப் பார்த்து நிதி ஒதுக்கியது. இரண்டு கட்சிகளில் எது நல்லது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. குக்கிராமத்தை எண்ணினால்தான் அதற்கு ஏதாவது போய்ச் சேரும் என்பதை ஒரு மாநில அரசே தன் நிதி ஒதுக்கீட்டில் ஒப்புக்கொண்டது, அதைத்தான் சொல்கிறேன்.

லம்பாடாக்களுக்கு இந்த அங்கீகாரத்தில் இரட்டைத் தாமதம். ஆந்திரப் பகுதியில் சுகாலிகள் என்று அழைக்கப்பட்ட இதே மக்கள் முன்பே பட்டியல் பழங்குடியினராக இருந்தார்கள். தெலங்கானாப் பகுதி லம்பாடாக்கள் அந்தப் பட்டியலில் சேர்ந்தது 1976-ன் திருத்தச் சட்டத்தால். தனி ஊராட்சி என்ற கோரிக்கை அதற்கும் பின்னால் வலுப்பெற்றது. ‘எங்கள் தாண்டாவில் எங்கள் ஆட்சி’ என்ற பொருள்படும் முழக்கத்தோடு லம்பாடா உரிமை அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கூட்டம் போட்டன. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதில் கிராமம் எது என்பதற்கான வரையறை, ஆளுநர் பொது அறிவிக்கையால் கிராமம் என்று குறிப்பிடுவதே கிராமம் என்கிறது. மக்கள் சேர்ந்து வாழ்வதோ, கோயிலும் கிணறும் இருப்பதோ அங்கே கணக்கில்லை. அப்படியென்றால் ஒரு அறிவிக்கை போதும், தாண்டா ஊராகிவிடும். 25 ஆண்டுகள் அந்த அறிவிக்கை வரவில்லை.

2018-ல் தெலங்கானா ஊராட்சி ராஜ் சட்டம் நிறைவேறியது. 500 பேருக்கு மேல் வாழும் தாண்டாக்களையும், கோண்டு, கோயா போன்ற பழங்குடிகளின் குடியிருப்புகளான கூடெங்களையும் தனி ஊராட்சியாக்குவது என்று அரசு முடிவெடுத்தது. அதுவரை 8,684 ஊராட்சிகள் இருந்தன. 4,383 புதியவை உருவாயின. சில ஊராட்சிகள் நகராட்சிகளோடு இணைந்ததுபோக மொத்தம் 12,751. புதியவற்றில் 1,177 தாண்டாக்களும் கூடெங்களும். 2019 ஜனவரியில் மூன்று கட்டமாகத் தேர்தல் நடந்தது. பழைய ஏற்பாட்டில் தாண்டாவாசி பெரிய கிராமத்தின் ஊராட்சியில் ஒரு வார்டு உறுப்பினராகலாம். சர்பஞ்ச் எனப்படும் ஊராட்சித் தலைவர் பதவி பெரும்பாலும் எட்டாது. புதிய ஏற்பாட்டில் சர்பஞ்ச் அந்தத் தாண்டாவிலேயே குடியிருப்பவர். கிராம சபை அந்தத் தாண்டாவின் மரத்தடியிலேயே கூடும். தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்தத் தாண்டாவின் பெயர் இருக்கும். கடைசியாகச் சொன்னதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஒரு ஊரின் எழுத்து வரலாறு அப்படித்தான் தொடங்குகிறது.

இதை எதிர்ப்பவர்களின் வாதங்களில் வலுவானது நிதி. 600 பேர் வாழும் ஊராட்சிக்கு வீட்டு வரியில் என்ன வந்துவிடும், அதற்கென்று ஒரு செயலாளர், ஒரு டிராக்டர், ஒரு நாற்றங்கால், ஒரு சுடுகாடு எல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். கேள்வியில் உண்மை இருக்கிறது. 2019 செப்டம்பரில் தொடங்கிய பல்லெ பிரகதி திட்டத்தில் எல்லா ஊராட்சிக்கும் டிராக்டர் வாங்கச் சொன்னார்கள். அதன் தவணையும் டீசலும் தெருவிளக்கு மின்கட்டணமுமாகச் சேர்ந்து சிறிய ஊராட்சிகளின் கணக்கைக் கரைத்தன. செய்த வேலைக்குப் பணம் வராமல் கடனில் சிக்கிய சர்பஞ்ச்களின் முறையீடுகள் பல ஆண்டுகளாக நாளிதழ்களில் வருகின்றன. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு, சிறிய ஊராட்சிக்குச் சிறிய ஊராட்சிக்குரிய செலவுத் திட்டம் வேண்டும் என்பதுதான். நான்கு தாண்டாக்கள் சேர்ந்து ஒரு டிராக்டரை வைத்துக்கொள்வதை எந்தத் தத்துவமும் தடுக்கவில்லை. வருமானம் குறைவாக இருப்பதால் ஒரு ஊர் ஊராக இருக்கக் கூடாது என்றால், மாநிலத்தின் பாதி ஊராட்சிகளை இன்றைக்கே கலைக்க வேண்டும். அவையும் பெரும்பாலும் மேலிருந்து வரும் நிதியில்தான் ஓடுகின்றன.

இந்த இடத்தில் கேரளத்தைக் காட்டுவார்கள். அங்கே 941 ஊராட்சிகள்தான். ஒவ்வொன்றும் இங்குள்ளவற்றைவிடப் பல மடங்கு பெரியது. அதிகாரப் பரவலில் நாட்டுக்கே முன்மாதிரி என்ற பெயரும் அதற்கு உண்டு. பெரிதாக இருப்பதே நல்லது என்பதற்கு இது சான்றாகாதா? முழுமையாகப் பார்த்தால் ஆகாது. கேரளத்தில் கிராம சபை ஊராட்சி முழுவதற்கும் ஒன்றாகக் கூடுவதில்லை, வார்டுவாரியாகக் கூடுகிறது. நிர்வாகத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு, மக்கள் கூடிப் பேசும் இடத்தைச் சிறிதாக வைத்தார்கள். தவிர, அங்கே வீடுகள் ஒன்றோடொன்று தொடர்ந்து போகும். ஒரு ஊர் முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று சொல்வதே கடினம். தெலங்கானாவில் பெரிய கிராமத்துக்கும் தாண்டாவுக்கும் நடுவே வயலும் பாறையும் மட்டுமா இருக்கின்றன? மொழி வேறு, வழிபாடு வேறு, சாதி வேறு. தூரத்தைச் சாலை போட்டுக் குறைத்துவிடலாம். ஒரு கிராம சபையில் எழுந்து தன் மொழியில் பேச முடியாத பெண்ணின் தயக்கத்தைச் சாலையால் குறைக்க முடியாது.

இன்னொரு எதிர்ப்பு தாண்டாவின் மீது மதிப்பு கொண்டவர்களிடமிருந்து வருகிறது. நாயக், கார்பாரி, பெரியவர்கள் என்று தாண்டாவுக்கே ஒரு ஆட்சிமுறை இருந்தது, வழக்குகளை அவர்களே தீர்த்துக்கொண்டார்கள், அதில் தேர்தலையும் கட்சிக்கொடியையும் ஏன் நுழைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஒரு பகுதியை ஏற்கிறேன். வாக்குக்குப் பணமும் சாராயமும் தாண்டாவுக்குள்ளும் நுழைந்துவிட்டன. ஆனால் நாயக் பதவி பெரும்பாலும் பரம்பரையாக ஒரே குடும்பத்தில் ஆண்களிடமே இருந்துவந்தது. ஊராட்சித் தேர்தலில் பாதி இடம் பெண்களுக்கு. கண்ணாடிச் சில்லு தைத்த பாவாடையும் கைநிறைய வளையல்களும் அணிந்த பெண் சர்பஞ்ச் நாற்காலியில் உட்கார்ந்த படங்கள் 2019-ல் வந்தன. கணவரோ மகனோ பின்னால் நின்று நிர்வாகம் பார்க்கும் கதைகளும் உண்மைதான். அது பெரிய கிராமங்களிலும் நடக்கிறது. பெண்ணின் கையெழுத்து இல்லாமல் காசோலை செல்லாது என்ற நிலை, கையெழுத்தே தேவைப்படாத பழைய நிலையைவிட எனக்கு மேலானது.

பழங்குடிகளிடையே உள்ள பிணக்கையும் ஒதுக்கிவிட முடியாது. 1976-க்குப் பின் லம்பாடாக்கள் பட்டியலில் சேர்ந்ததால் தங்களுக்கு உரிய நிலமும் வேலையும் போயின என்று ஆதிலாபாத் பகுதிக் கோண்டு மக்கள் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். 2017-ல் அது பெரும் கிளர்ச்சியாகவே வெடித்தது. நிஜாம் அரசுக்குப் பழங்குடியினர் நலனில் ஆலோசகராக இருந்த மானிடவியலாளர் ஹைமண்டார்ஃப், கோண்டு நிலத்துக்கு வந்த இந்த நெருக்கடியைப் பற்றிக் கவலையோடு எழுதினார். அந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது, அதைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் ஒரு குடியிருப்பை ஊர் என்று ஏற்பதற்கும் இட ஒதுக்கீட்டைப் பங்கிடுவதற்கும் முடிச்சுப் போடக் கூடாது. 2018-ன் அறிவிக்கையில் கோண்டு, கோயா மக்களின் கூடெங்களும் ஊராட்சிகளாயின. ஊர் என்ற தகுதி ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்குக் குறையும் பொருள் அல்ல.

எனக்கு உள்ளபடியே கவலை தருவது வேறொன்று. 2018-ல் கிடைத்தது பாதிதான். ஊராட்சி என்ற அறிவிக்கை வருவாய் கிராமத்தை மாற்றிவிடாது. வீட்டு வரி ரசீது தாண்டாவின் பெயரில் வரும், நிலத்தின் கணக்கு இன்னமும் பழைய கிராமத்தின் பெயரில் இருக்கும். நிலப் பதிவேடுகளுக்காக 2020-ல் வந்த தரணி இணையதளமும் விவசாய நிலத்தை வருவாய் கிராமவாரியாகவே காட்டியது. தமிழ்நாட்டில் நத்தம் என்று சொல்லும் குடியிருப்பு நிலம் இங்கே கிராமகண்டம். அது பழைய கிராமத்துக்கு அளந்து ஒதுக்கப்பட்டது. மேய்ச்சல் தரையிலோ பட்டா நிலத்திலோ பிற்பாடு எழுந்த தாண்டாவின் வீட்டடிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். கர்நாடகம் இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது. அங்கே கலபுரகி, யாதகிரி, ராய்ச்சூர், பீதர், விஜயபுரா மாவட்டங்களில் பதிவில் இல்லாத 1,475 குடியிருப்புகளை வருவாய் கிராமங்களாக அறிவித்தார்கள். 2023 ஜனவரி 19 அன்று மல்கேடில் நடந்த விழாவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கான வீட்டுமனை உரிமைப் பத்திரங்கள் வழங்கும் பணி தொடங்கியது. பெற்றவர்களில் பெருந்தொகையினர் பஞ்சாராக்கள். இந்த ஐந்தில் விஜயபுராவைத் தவிர மற்ற நான்கும் பழைய ஹைதராபாத் சமஸ்தானத்தின் நிலப்பகுதி. ஒரே சமஸ்தானம் விட்டுச்சென்ற ஒரே குறையை ஒரு மாநிலம் ஊராட்சி வழியாகவும் இன்னொன்று வருவாய் வழியாகவும் பாதிப் பாதி தீர்த்திருக்கின்றன. இரண்டையும் இரண்டு மாநிலங்களும் செய்ய வேண்டும்.

கிடைத்த பாதியும் கையில் நிற்கவில்லை. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2024 பிப்ரவரி தொடக்கத்தில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 டிசம்பரில்தான் நடந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிறப்பு அலுவலர்கள் ஆட்சி. ஐந்து ஆண்டு மட்டுமே வயதான ஊராட்சிக்கு இரண்டு ஆண்டு இடைவெளி பெரிய அடி. ஹைதராபாத் நகரை ஒட்டிய பகுதிகளில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. 2024 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையை ஒட்டிய 51 ஊராட்சிகள் நகராட்சிகளோடு இணைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு இறுதியில் அந்தச் சுற்றுவட்டாரத்தின் 27 நகர உள்ளாட்சிகள் ஹைதராபாத் மாநகராட்சியில் சேர்ந்தன. நகரம் வளர்வதை யாரும் நிறுத்த முடியாது, நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஆனால் ஊராட்சி கலையும்போது அதன் தீர்மானப் புத்தகங்களும் பதிவேடுகளும் எங்கே போகின்றன? அவை பத்திரமாக மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு வர வேண்டும் என்ற கட்டளை ஒவ்வொரு இணைப்பு ஆணையிலும் இருக்க வேண்டும்.

பதிவில் இருப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2024 நவம்பரில் விகாராபாத் மாவட்டம் லகசெர்லாவில் நடந்ததைப் பாருங்கள். மருந்துத் தொழில் வளாகத்துக்காக லகசெர்லாவையும் அதை ஒட்டிய ரொட்டிபண்டா தாண்டா, புலிசெர்லாகுண்டா தாண்டா போன்ற இடங்களையும் சேர்த்து நிலம் எடுக்க அரசு முனைந்தது. நவம்பர் 11 அன்று கருத்துக் கேட்கப் போன மாவட்ட ஆட்சியர் தாக்கப்பட்டார். தாக்குதலை நியாயப்படுத்த முடியாது. அதைத் தொடர்ந்து கைதானவர்களில் பலர் லம்பாடா விவசாயிகள். தாண்டாப் பெண்கள் தில்லி வரை போய் மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார்கள். அந்த மாத இறுதியிலேயே அரசு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது. தாண்டாக்களின் பெயர்கள் தேசிய நாளிதழ்களில் தொடர்ந்து அச்சானது அந்தச் சில வாரங்களில்தான். நிலம் எடுக்கும்போது கிராம சபையைக் கலந்துகொள்ள வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் அடிப்படை நோக்கம், மாநிலங்கள் அதில் எத்தனை விலக்குகளைச் செருகியிருந்தாலும். யாருடைய கிராம சபை என்பதே கேள்வி. நிலம் தாண்டாவுடையது, சபை பெரிய கிராமத்துடையது என்றால் அந்தக் கலந்தாலோசனைக்கு அர்த்தமே இல்லை.

இந்தத் தாண்டாக்களின் வரலாற்றை எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முடியும் என்பேன். லம்பாடா சமூகத்திலேயே குலமரபைப் பாடிச் சொல்லும் பாட், டாடி என்ற மரபுக் கலைஞர்கள் இருக்கிறார்கள். எந்தக் குலப்பிரிவு எந்த வழியாக வந்தது, எந்த நாயக்குக்குப் பின் யார் என்பது அவர்கள் நினைவில் இருக்கிறது. அவர்களுக்குத் தொழில் குறைந்துவிட்டது, வயது ஏறிவிட்டது. அவர்கள் சொல்வது எல்லாமே அப்படியே நடந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதும் சரிதான். அரசர்களின் மெய்க்கீர்த்திகளையும் நாம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை, மற்ற சான்றுகளோடு ஒப்பிட்டுத்தான் படிக்கிறோம். இங்கேயும் ஒப்பிட ஆவணங்கள் உண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தாண்டாவின் முதல் மாணவர் பெயர், வாக்காளர் பட்டியலின் பாகத்தலைப்பு, மின் இணைப்பு தந்த ஆண்டு, சீதளா பவானி அம்மனுக்கு நட்ட கல்லின் இடம், பழைய நில அளவை வரைபடத்தில் வெறும் மேடாகக் காட்டியிருக்கும் சர்வே எண். இவற்றைச் சேர்த்தால் ஒரு ஊரின் நூறாண்டு எழுந்து நிற்கும்.

2022 செப்டம்பர் 17 அன்று பஞ்சாரா ஹில்ஸிலேயே, சாலை எண் 10-ல், பஞ்சாராக்கள் குருவாகப் போற்றும் சேவாலால் மகராஜ் பெயரில் ஒரு பஞ்சாரா பவனைத் தெலங்கானா அரசு திறந்தது. கட்டடம் இருக்கிறது. அதில் மாநிலத்தின் ஒவ்வொரு தாண்டாவுக்கும் ஒரு கோப்பு வைக்க ஒரு அறையை ஒதுக்கலாம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையும் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் கோடை விடுமுறையில் தாண்டாவுக்கு இரண்டு பேராகப் போனால் சில ஆண்டுகளில் 2018-ல் உருவான தாண்டா ஊராட்சிகள் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். 2025 டிசம்பரில் தேர்வான சர்பஞ்ச்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் கிராம சபையின் அடுத்த கூட்டத்தில், தாண்டாவை நிறுவியவர் பெயர், வந்த வழி, முதல் கிணறு, முதல் பள்ளி, நிலத்துக்காகப் போராடியவர்கள் என்று பெரியவர்கள் சொல்வதைத் தீர்மானமாக எழுதி, சொன்னவர்களின் கையெழுத்தையும் கைநாட்டையும் வாங்குங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தமிழ் வாசகர்களிலும் ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், நில அளவை தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு தாண்டாவின் பதிவேட்டை எழுத உதவ முன்வாருங்கள்.